ஆளுநரின் கையெழுத்தும் பாகிஸ்தானின் அரசமைப்பும்

பாகிஸ்தான் இஸ்லாமியக் குடியரசின் அரசமைப்புச் சட்டத்தில் 116ஆவது பிரிவு, மாகாண ஆளுநரின் ஒப்புதலைப் பற்றியது. மாகாணச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றி அனுப்பினால், ஆளுநர் பத்து நாள்களுக்குள் ஒப்புதல் தர வேண்டும்; அல்லது, அது நிதி மசோதாவாக இல்லாத பட்சத்தில், மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சட்டமன்றம் அதைத் திருத்தியோ திருத்தாமலோ மறுபடியும் நிறைவேற்றிவிட்டால், அடுத்த பத்து நாள்களுக்குள் அவர் கையெழுத்திட்டாக வேண்டும். இடாவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே கருதப்படும். கிடப்பில் போட்டு வைப்பதற்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை.

சென்னையில் வழக்கறிஞர் தொழில் செய்கிற எவருக்கும் இதைப் படித்தவுடன் ஒரு பெருமூச்சு வரும். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஆளுநர் நிறுத்தி வைத்திருந்த தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்றும், கருதப்படும் ஒப்புதல் என்பதற்கு நம் அரசமைப்பில் இடமில்லை என்றும் கூறியது. காரணமின்றி நெடுங்காலம் இழுத்தடித்தால் மட்டும் முடிவெடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம் என்று சிறியதொரு சன்னலைத் திறந்து வைத்தது. எதை நம் நீதிபதிகள் அரசமைப்பில் இல்லை என்றார்களோ, அதை எல்லைக்கு அப்பால் எழுத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

தம்பு செட்டித் தெருவில் ஓர் அலுவலகத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, அங்கிருந்த ஜூனியர் ஒருவர், "அங்கே எல்லாம் ஷரீஅத்தானே சார், அரசமைப்பு என்று தனியாக ஒன்று எதற்கு?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நம்மில் பெரும்பாலோருடைய எண்ணமும் அதுதான். பெயரில் "இஸ்லாமியக் குடியரசு" என்று இருப்பதால் அந்த நாட்டின் அரசியல் சிக்கல்கள் எல்லாம் அந்தப் பெயரிலிருந்தே பிறந்தவை என்று எடுத்துக்கொள்கிறோம். என் எண்ணம் வேறு. பாகிஸ்தானின் அரசாங்க அமைப்பை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆட்டிப் படைத்தது, பிரிட்டிஷார் கவர்னர் ஜெனரலுக்குக் கொடுத்துவிட்டுப் போன அதிகாரம். அதை யார் கையில் வைத்திருப்பது என்ற சண்டைதான் அதன் அரசமைப்பு வரலாற்றில் பெரும் பகுதி. மதப் பிரிவுகள் செய்த கேடு வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

இரு நாடுகளும் 1947இல் தொடங்கியது ஒரே சட்டத்தை வைத்துத்தான்: 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம். அதன் 93ஆவது பிரிவு, மாகாண ஆட்சியை அந்தச் சட்டத்தின்படி நடத்த இயலாத நிலை எழுந்துவிட்டதாக ஆளுநர் கருதினால், அவரே ஆட்சியை எடுத்துக்கொள்ளலாம் என்றது. 1939 அக்டோபரில் ராஜாஜியின் அமைச்சரவை விலகிய பிறகு 1946 வரை சென்னை மாகாணம் இந்தப் பிரிவின் கீழ்தான் ஆளப்பட்டது. நாம் அந்த வாக்கியத்தை ஏறத்தாழ அப்படியே எடுத்து 356ஆவது பிரிவாக்கிக்கொண்டோம். 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் கோட்டையில் இருந்த அரசுகள் அதனால் வீட்டுக்கு அனுப்பப்பட்டன. பாகிஸ்தானிலும் 92அ என்ற எண்ணில் அது தொடர்ந்தது. 1954 மே மாதம், கிழக்கு வங்கத்தில் தேர்தலில் அமோகமாக வென்று வந்த ஃபஸ்லுல் ஹக்கின் ஐக்கிய முன்னணி அமைச்சரவை சில வாரங்களிலேயே அதன் மூலம் கலைக்கப்பட்டது.

ஆனால் அவர்கள் அந்த ஆயுதத்தை மாகாணங்களின் மீது மட்டும் பயன்படுத்தவில்லை. மத்தியிலேயே பயன்படுத்தினார்கள். நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் துணைக்கண்டத்தில் ஒரு கையெழுத்து இவ்வளவு பெரிய விளைவை உண்டாக்கிய வழக்கு இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1954 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபை, அமைச்சர்களைத் தன்னிச்சையாக நீக்கும் கவர்னர் ஜெனரலின் அதிகாரத்தைப் பறிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த குலாம் முகம்மது, பிரிட்டிஷ் காலத்தில் கணக்கு-தணிக்கைப் பணியில் இருந்து வந்த அதிகாரி; மக்களிடம் ஒருபோதும் வாக்குக் கேட்டவர் அல்லர். அதற்கு முந்தைய ஆண்டே பிரதமர் நாஜிமுதீனைப் பதவி நீக்கம் செய்து பழகியிருந்தார். அக்டோபர் 24 அன்று அவர் சபையையே கலைத்தார். சபைத் தலைவர் தமீசுதீன் கான் சிந்து தலைமை நீதிமன்றத்துக்குப் போனார்; அங்கே வென்றார். அரசு மேல்முறையீடு செய்தது. 1955 மார்ச்சில் தலைமை நீதிபதி முகம்மது முனீர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம், சபையைக் கலைத்தது சரியா தவறா என்ற கேள்விக்குள் போகவே இல்லை. நீதிமன்றங்களுக்கு நீதிப்பேராணை பிறப்பிக்கும் அதிகாரத்தை வழங்கிய 223அ பிரிவு, சபை இயற்றிய சட்டத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்துக்குக் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் பெறப்படவில்லை. ஆகவே அது சட்டமே இல்லை. ஆகவே சிந்து நீதிமன்றத்துக்குத் தமீசுதீன் கானின் மனுவை விசாரிக்கவே அதிகாரம் இல்லை என்று முடித்துவிட்டது.

அரசமைப்பை எழுதும் சபை இயற்றும் சட்டத்துக்கு ஒப்புதல் தேவையில்லை, சபைத் தலைவர் கையெழுத்திட்டு அரசிதழில் வெளியிட்டால் போதும் என்பதுதான் அதுவரை சபையும் அரசும் சேர்ந்து கடைப்பிடித்து வந்த வழக்கம். அந்த வழக்கத்தையே செல்லாததாக்கியதால், ஒப்புதல் இல்லாமல் நடைமுறைக்கு வந்திருந்த சட்டங்கள் அனைத்தும் ஒரே நாளில் அந்தரத்தில் தொங்கின. அவற்றை மீட்பதற்கு மறுபடி நீதிமன்றத்தையே நாட வேண்டியதாயிற்று. அமர்வில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் ஒருவர்தான்: ஏ.ஆர்.கார்னீலியஸ். கிறித்தவர். பின்னாளில் அந்த நாட்டின் தலைமை நீதிபதியானார்.

இந்த வழக்கில் இஸ்லாம் எங்கே வருகிறது? எங்குமே இல்லை. வாதங்கள் முழுவதும் பிரிட்டிஷ் மகுடத்தின் தனியுரிமை, டொமினியன் சட்டமன்றத்தின் தன்மை, 1947ஆம் ஆண்டு விடுதலைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு ஆகியவற்றைச் சுற்றியே நடந்தன. லண்டனில் நடந்திருந்தாலும் அதே வாதங்கள்தான்.

முதல் அரசமைப்பு 1956 மார்ச் 23 அன்று நடைமுறைக்கு வந்து, நாடு இஸ்லாமியக் குடியரசானது. அதன் கீழ் ஒரு பொதுத்தேர்தல்கூட நடக்கவில்லை. 1958 அக்டோபர் 7 அன்று குடியரசுத் தலைவர் இஸ்கந்தர் மிர்சா அதை ரத்து செய்தார். அந்த மாதம் முடிவதற்குள் அவரையே அனுப்பிவிட்டு ஆட்சியைப் பிடித்தார் அயூப் கான். வெற்றி பெற்ற புரட்சியே சட்டத்தின் ஊற்று என்று டோசோ வழக்கில் முனீர் நீதிமன்றம் அதற்கும் ஆசி வழங்கியது. அயூப் எழுதிய 1962ஆம் ஆண்டு அரசமைப்பு முதலில் "இஸ்லாமிய" என்ற அடைமொழியையே நீக்கிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் 1963இல் திருத்தி மீண்டும் சேர்த்தார்கள். குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காமல், 80,000 "அடிப்படை ஜனநாயக" (உள்ளாட்சி) உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அது.

கிழக்கு வங்கத்தின் கதையைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மொழிப் பிரச்சினையை அலட்சியப்படுத்தினால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். அரசியல் நிர்ணய சபையில் வங்க மொழியையும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்று தீரேந்திரநாத் தத்தா 1948 பிப்ரவரியிலேயே கேட்டார், மறுக்கப்பட்டது. 1956 அரசமைப்பு உருதுவுடன் வங்க மொழியையும் அரசு மொழியாக ஏற்றுக்கொண்டபோது காலம் கடந்துவிட்டது. 1970 தேர்தலில் கிழக்கில் நேரடித் தேர்தலுக்குரிய 162 இடங்களில் 160ஐ வென்ற அவாமி லீகிடம் ஆட்சியைக் கொடுக்க மறுத்தார்கள். நாடு பிளந்தது. மதம் ஒன்று என்பதால் கூட்டாட்சிச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும் என்று நம்பியவர்கள் அங்கே நிறையப் பேர்.

இப்போது நடைமுறையில் இருப்பது 1973 ஆகஸ்ட் 14 முதல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு. இதன் மதப் பிரிவுகளை நேராகப் பார்த்துவிடலாம். அரசின் மதம் இஸ்லாம். குடியரசுத் தலைவரும் பிரதமரும் முஸ்லிம்களாக இருக்க வேண்டும். இஸ்லாமிய நெறிகளுக்கு முரணாக எந்தச் சட்டமும் இயற்றப்படலாகாது என்கிறது 227ஆவது பிரிவு. படிக்கும்போது பெரியதாகத் தெரிகிற இந்தப் பிரிவை நடைமுறைப்படுத்த வேண்டிய இஸ்லாமியக் கருத்தியல் மன்றம் ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும். 1980இல் இராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் உருவாக்கிய கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றத்துக்குப் பல்லிருக்கிறது. ஒரு சட்டம் மார்க்கத்துக்கு முரணானது என்று அது தீர்ப்பளித்தால் அந்தச் சட்டம் செல்லாது. ஆனால் அதன் வரம்பை வரையறுக்கும்போது, அரசமைப்பு, முஸ்லிம் தனிநபர் சட்டம், நீதிமன்ற நடைமுறைச் சட்டங்கள் ஆகியவற்றை ஆராயக் கூடாது என்று ஜியாவே விலக்கி வைத்தார். வரி, வங்கி தொடர்பான நிதிச் சட்டங்களுக்கும் ஒரு கால வரம்பு வரை விலக்கு. தன் இராணுவ ஆட்சியின் மேல் ஓர் ஆலிம் (மார்க்க அறிஞர்) கை வைத்துவிடக் கூடாது என்பதில் அவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது அந்த வரையறையிலேயே தெரிகிறது. வட்டி மார்க்கத்துக்கு முரணானது என்று அந்த நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு, மறுவிசாரணை என்று இழுத்து 2022இல் மறுபடியும் அதையே சொன்னது. 2024இல் நிறைவேறிய 26ஆவது திருத்தம் 2028 ஜனவரி 1ஆம் தேதிக்குள் இயன்ற மட்டும் வட்டியை ஒழிக்க வேண்டும் என்கிறது. அந்த "இயன்ற மட்டும்" என்பதில் எந்த நிதியமைச்சரும் நிம்மதியாகக் குடியிருக்கலாம்.

அரசாங்கத்தை அவ்வளவாக அசைக்காத இந்த மதப் பிரிவுகள் மனிதர்களை அசைத்தன. 1974இல் இரண்டாவது திருத்தம் அகமதியாக்களை முஸ்லிம் அல்லாதோர் என்று அறிவித்தது. ஒரு சமூகத்தின் மத அடையாளத்தை நாடாளுமன்ற வாக்கெடுப்பில் முடிவு செய்ததற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. அதைச் செய்தது இராணுவம் அல்ல, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் புட்டோவின் நாடாளுமன்றம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1949 மார்ச்சில் அரசியல் நிர்ணய சபையில் நிறைவேறிய, வரவிருந்த அரசமைப்பின் நோக்கங்களைச் சொன்ன நோக்கத் தீர்மானம், சிறுபான்மையினர் தம் மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்றலாம் என்றது. 1985இல் ஜியா அதை 2அ என்ற பிரிவாக அரசமைப்பின் உடலுக்குள் சேர்த்தபோது "சுதந்திரமாக" என்ற சொல் மட்டும் காணாமல் போனது. கால் நூற்றாண்டு கழித்துத்தான் அது திரும்பி வந்தது. அந்தத் தீர்மானத்தை எதிர்த்துச் சபையில் பேசிய கிழக்கு வங்கத்துக் காங்கிரஸ்காரர்கள், மதத்தின் பெயரால் நாளை ஒருவர் சர்வாதிகாரியாகலாம் என்ற கவலையை அன்றே எழுப்பியிருந்தார்கள்.

இங்கே சென்னைக்காரனாக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1948 மார்ச்சில் ராஜாஜி மண்டபத்தில் கூடி இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை அமைத்தவர்களின் தலைவரான காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில், நம் அரசியல் நிர்ணய சபையில் முஸ்லிம் பிரதிநிதிகளை முஸ்லிம்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதி முறை தொடர வேண்டும் என்று வாதிட்டுத் தோற்றார். அங்கேயோ, கிழக்கு வங்கத்து இந்துத் தலைவர்கள் தங்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம், எல்லோருடனும் சேர்ந்தே வாக்களிக்கிறோம் என்று போராடினார்கள். ஜியா 1985இல் சிறுபான்மையினர் மீது தனித் தொகுதி முறையைத் திணித்தார். பின்னாளில் இராணுவ ஆட்சி நடத்திய முஷாரஃப் 2002இல் அதை நீக்கினார். இப்போது தேசிய சபையின் 336 இடங்களில் 10 இடங்கள் சிறுபான்மையினருக்கு உண்டு. ஆனால் அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது கட்சித் தலைமைகளின் பட்டியல்.

கவர்னர் ஜெனரலின் அதிகாரத்துக்கு வருவோம். 1973 அரசமைப்பு அதை ஒழித்துவிட்டு நாடாளுமன்ற ஆட்சியைக் கொண்டுவந்தது. ஜியா 1985இல் எட்டாவது திருத்தத்தின் மூலம் 58(2)(ஆ) என்ற உட்பிரிவாக அதைத் திரும்பக் கொண்டுவந்தார். கூட்டாட்சியின் ஆட்சியை அரசமைப்பின்படி நடத்த இயலாத நிலை எழுந்துவிட்டதாகக் கருதினால் குடியரசுத் தலைவர் தேசிய சபையைக் கலைக்கலாம் என்றது அது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93ஆவது பிரிவையும், நம் 356ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே விதையில் முளைத்தவை என்பது தெரியும். 1988இல் ஜியா பிரதமர் ஜுனேஜோவை நீக்கினார். 1990இல் அடுத்த குடியரசுத் தலைவர் குலாம் இஷாக் கான் பெனசிரையும், 1993இல் நவாஸ் ஷெரீஃபையும் நீக்கினார். 1996இல் ஃபாரூக் லெகாரி, தன்னைப் பதவியில் அமர்த்திய கட்சியின் தலைவியான பெனசிரையே நீக்கினார். 1993இல் மட்டும் உச்ச நீதிமன்றம் கலைக்கப்பட்ட சபையை மீட்டுக் கொடுத்தது. 1997இல் நீக்கப்பட்ட அந்த உட்பிரிவு, முஷாரஃப் காலத்தில் 2003இல் மறுபடியும் வந்தது.

2010இல் நிறைவேறிய 18ஆவது திருத்தம்தான் அதற்கு முடிவு கட்டியது. ரசா ரப்பானி தலைமையில் எல்லாக் கட்சிகளையும் கொண்ட நாடாளுமன்றக் குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய திருத்தம் அது. தேசிய சபையில் எதிர்த்து ஒரு வாக்குகூட விழாமல் நிறைவேறிய நாள் ஏப்ரல் 8. நம் மசோதாத் தீர்ப்பு வந்த அதே தேதி என்பது வெறும் தற்செயல்தான் என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குடியரசுத் தலைவராக இருந்த சர்தாரி தன் அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார். பொதுப்பட்டியல் முழுவதும் நீக்கப்பட்டுக் கல்வி, சுகாதாரம் உள்ளிட்ட துறைகள் மாகாணங்களுக்குப் போயின. ஆளுநராக வருபவர் அந்த மாகாணத்திலேயே வசிப்பவராகவும் அங்கே வாக்காளராகவும் இருக்க வேண்டும் என்றார்கள். நிதி ஆணையத்தின் முந்தைய பரிந்துரையில் மாகாணங்களுக்குக் கிடைத்த பங்கை அடுத்ததில் குறைக்கக் கூடாது என்று 160ஆவது பிரிவில் எழுதினார்கள். வடமேற்கு எல்லைப்புற மாகாணம், அங்கே வாழும் மக்களின் பெயரால் கைபர் பக்தூன்குவா ஆனது. மத்திய-மாநில உறவுகளை ஆராய 1969இல் இங்கே அமைக்கப்பட்ட ராஜமன்னார் குழு கேட்டவற்றில் எத்தனை இந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இவற்றில் எதற்கும் "இஸ்லாமியக் குடியரசு" என்ற பெயர் தடையாக இருக்கவில்லை, துணையாகவும் இருக்கவில்லை.

இதைக் கண்டு மயங்கிவிடவும் வேண்டாம். இஸ்லாமாபாத்திடமிருந்து அதிகாரத்தைப் பெற்ற மாகாணங்கள் அதை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க மனம் இல்லாமல் இருக்கின்றன. இதிலும் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 2023 ஜனவரியில் பஞ்சாப், கைபர் பக்தூன்குவா சட்டமன்றங்கள் கலைக்கப்பட்டபோது 90 நாள்களுக்குள் தேர்தல் நடந்திருக்க வேண்டும். பஞ்சாபில் மே 14 அன்று நடத்தும்படி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டும் நடக்கவில்லை, 2024 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. கலைக்கும் அதிகாரம் போன பிறகும் எந்தப் பிரதமரும் ஐந்தாண்டுகளை முழுமையாக முடித்ததில்லை. கிலானியையும் நவாஸ் ஷெரீஃபையும் நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்பியது. இம்ரான் கான் 2022இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் போனார்.

நாம் ஏங்குகிற அந்தக் கருதப்படும் ஒப்புதலுக்கும் அங்கே ஒரு கசப்பான கதை உண்டு. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஆரிஃப் அல்வி, இராணுவச் சட்டத்துக்கும் அரசு இரகசியச் சட்டத்துக்குமான இரண்டு திருத்த மசோதாக்களில் தான் கையெழுத்திடவே இல்லை என்றும், திருப்பி அனுப்பும்படி ஊழியர்களிடம் சொல்லியிருந்தேன் என்றும் பகிரங்கமாக அறிவித்தார். அதற்குள் அவை ஒப்புதல் பெற்றதாகக் கருதப்பட்டு அரசிதழில் வந்துவிட்டன. குடியரசுத் தலைவருக்கான 75ஆவது பிரிவும் 116ஐப் போன்றதுதான்: மசோதா திரும்பி வந்து மறுபடி நிறைவேறிய பிறகுதான் கருதப்படும் ஒப்புதல் என்ற பேச்சே எழும். முதல் சுற்றிலேயே அதைப் பயன்படுத்தினார்கள். சட்டம் நிலைத்துவிட்டது, யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. கிடப்பில் போடும் ஆளுநர் ஒரு பக்கம் என்றால், கையெழுத்து இல்லாமலே சட்டமாக்கும் அரசு இன்னொரு பக்கம்.

2025 நவம்பரில், நம் உச்ச நீதிமன்றம் ஆளுநர்களைப் பற்றிக் கருத்துரைத்த அதே மாதம், பாகிஸ்தான் நாடாளுமன்றம் 27ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. அரசமைப்பு வழக்குகள் உச்ச நீதிமன்றத்திடமிருந்து எடுக்கப்பட்டுப் புதிய கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. முப்படைகளுக்கும் மேலாகப் பாதுகாப்புப் படைகளின் தலைவர் என்ற பதவி தரைப்படைத் தளபதியிடம் சேர்க்கப்பட்டது. ஃபீல்டு மார்ஷல் தகுதி பெற்றவருக்கு வாழ்நாள் முழுவதும் குற்றவியல் வழக்குகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆட்சியாளனும் குடிமகனும் நீதியின் முன் சமம் என்பது இஸ்லாமிய மரபில் மிக உயர்வாகப் போற்றப்படும் நெறிகளில் ஒன்று. அந்த நெறிக்கு இந்த விலக்கு முரணாகிறதா என்று ஷரீஅத் நீதிமன்றத்தில் யாரும் கேட்க முடியாது. விலக்கு இடம்பெற்றிருப்பது அரசமைப்பில், அரசமைப்பை ஆராயும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு ஜியா காலத்திலிருந்தே கிடையாது.